கேளுங்க சொல்றேன்: கழுதைகிட்ட வாதாடின தீர்க்கதரிசி

போன இதழ்ல "இந்த வார தோரா பகுதியில தவளை வருது"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நெனைக்கவே இல்ல. அதனால இந்த வாரம் மத்ததெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். மாடித் தோட்டத்துல கத்திரிக்கா காய்க்கலன்னு கேட்ட நெல்லித்தோப்பு வாசகர் கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் கண்டிப்பா.

கேள்வி (லாஸ்பேட்டை வாசகர்): சார், தோரான்னா பைபிளா? அதை ஏன் வாராவாரம் பகுதி பகுதியா படிக்கணும்? நீங்க யூதரும் இல்ல, உங்களுக்கு எப்படி இந்தப் பழக்கம்?

பைபிளோட முதல் அஞ்சு புஸ்தகம், ஆதியாகமத்துல ஆரம்பிச்சு உபாகமம் வரைக்கும், அதான் தோரா. யூதர்கள் அதை 54 பகுதியா பிரிச்சு வச்சிருக்காங்க. சனிக்கிழமை காலையில ஜெப ஆலயத்துல தோல்ல கையால எழுதின சுருளைப் பிரிச்சு அந்த வாரத்துப் பகுதியை ராகமா படிப்பாங்க, சில வாரம் ரெண்டு சேத்தும் வரும். எழுத்து மேல விரல் படக்கூடாதுன்னு நுனியில குட்டிக் கை வச்ச ஒரு குச்சியால தொட்டுக் காட்டித்தான் படிக்கறது. வருஷம் முடியும்போது, இஸ்ரவேலருங்கற அந்தக் கால யூத ஜனத்தோட தலைவர் மோசே செத்துப்போற எடம் வரும், அது முடிஞ்ச கையோட அன்னிக்கே "ஆதியிலே"ன்னு முதல்லேர்ந்து திரும்ப ஆரம்பிச்சிடுவாங்க. திங்களும் வியாழனும் கூட கொஞ்சம் படிப்பாங்க, அந்தக் காலத்துல அது ரெண்டும் சந்தை நாளாம், ஜனங்க எப்படியும் டவுனுக்கு வருவாங்க இல்ல, வந்தவங்களை அப்படியே புடிச்சுப் போட்டிருக்காங்க.

எனக்கு எப்படின்னா, எங்க வீட்டு மாடி ரூம்ல ஒரு டிசம்பர் மாசம் வெளிநாட்டு யூதப் பெரியவர் ஒருத்தர் வாடகைக்கு வந்தாரு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஃபேனைப் போட்டாருன்னா சனிக்கிழமை இருட்டற வரைக்கும் சுவிட்சைத் தொடமாட்டாரு, அது அவங்களுக்கு ஓய்வு நாளாம், ஃபேன் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், அந்த மாச கரண்ட் பில்லு இன்னும் ஞாபகம் இருக்கு. சனிக்கிழமை காபி குடுக்கப் போவேன், கையில புக்கு இருக்கும். உக்காருன்னு சொல்லிட்டு அந்த வாரக் கதையை சொல்லுவாரு, சொல்லி முடிச்சதும் "இதுல என்ன தப்பு இருக்கு, கண்டுபிடி"ன்னு கேப்பாரு. சாமி புஸ்தகத்துல தப்பு கண்டுபிடிக்கச் சொல்ற மனுஷனை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. மார்ச்ல அவர் ஊருக்குப் போயிட்டாரு, பழக்கம் மட்டும் இங்க தங்கிடுச்சு.

கேள்வி (மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்): வேதத்துல போய் காமெடி தேடறது பாவம் இல்லீங்களா ஐயா?

நாம தேட வேணாம்மா, அதுவாவே வந்து நிக்குது. யூதரோட மூதாதை ஆபிரகாமுக்கு நூறு வயசு ஆகப்போகுது, பொண்டாட்டி சாராளுக்கு தொண்ணூறு, உங்களுக்குப் புள்ள பொறக்கும்னு கடவுள் சொன்னதும் முதல்ல ஆபிரகாம் விழுந்து சிரிக்கறாரு, அப்புறம் கூடார வாசல்ல நின்னு ஒட்டுக்கேட்ட சாராள் தனக்குள்ள சிரிக்கறாங்க. ஏன் சிரிச்சேன்னு கேட்டா "நான் சிரிக்கலயே"ங்கறாங்க, "இல்ல, நீ சிரிச்ச"ன்னு பதில் வருது. பொறந்த புள்ளைக்கு வச்ச பேரு ஈசாக்கு, அதுக்கு அர்த்தமே "சிரிப்பான்"னுதான். ஒரு வம்சத்தோட ரெண்டாவது ஆளு பேரே சிரிப்புன்னா அப்புறம் நாம சிரிக்கறதுல என்ன பாவம்.

அதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. சாராள் சிரிக்கும்போது சொன்னது "என் புருஷனும் கிழவராயிட்டாரே"ன்னு. கடவுள் அதை ஆபிரகாம்கிட்ட சொல்லும்போது "நான் கிழவியாயிட்டேனேன்னு சொல்லி உன் பொண்டாட்டி சிரிச்சா"ன்னு மாத்திடறாரு, புருஷனை சொன்ன பாகத்தை அப்படியே முழுங்கிட்டாரு. வீட்டுல சண்டை வரக்கூடாதுன்னா கடவுளே கொஞ்சம் எடிட் பண்ணித்தான் சொல்றாருன்னு அவங்க மத குருமாரான ரபிமார் எழுதி வச்சிருக்காங்க. உங்க வீட்டுல மாமியார் சொன்னதை மருமககிட்டயும் மருமக சொன்னதை மாமியார்கிட்டயும் வார்த்தை மாறாம ஒப்பிக்கற உத்தமர் யாராவது இருந்தா இந்தப் பக்கத்தை கிழிச்சு அவர்கிட்ட குடுங்க.

தலைப்புல இருக்கற கழுதையையும் சொல்லிடறேன். இஸ்ரவேலரை சபிக்கறதுக்கு பாலாக்குங்கற ராஜா பிலேயாம்னு ஒரு தீர்க்கதரிசியை வாடகைக்குக் கூப்பிடறான். இவரு கழுதை மேல ஏறிப் போறாரு, வழியில வாளோட ஒரு தூதன் நிக்கறான். ஞானதிருஷ்டிக்காரருக்கு தெரியல, கழுதைக்குத் தெரியுது. அது ஒதுங்குது, சுவத்துல உரசுது, படுத்துக்குது, இவரு மூணு வாட்டி அடிக்கறாரு. உடனே கழுதை வாயத் திறந்து "நான் உனக்கு என்ன பண்ணேன், என்னை ஏன் மூணு தடவை அடிச்ச"ன்னு கேக்குது. நாமளா இருந்தா என்ன பண்ணுவோம், கத்திக்கிட்டு ஓடுவோம். இந்த மனுஷன் கொஞ்சம் கூட அசரல, "நீ என்னை கேவலப்படுத்திட்ட, கையில மட்டும் கத்தி இருந்தா உன்னை கொன்னுருப்பேன்"ன்னு கழுதைகிட்ட சரிக்கு சரியா வாதாடறாரு! வாயாலயே ஒரு ஜனத்தை அழிக்கக் கெளம்பின ஆளுக்கு ஒரு கழுதையைக் கொல்ல கத்தி தேவைப்படுதேன்னு ராஷிங்கற பழைய உரைகாரர் கிண்டல் பண்றாரு. நான் பைக் ஸ்டார்ட் ஆகாதப்ப அதை எட்டி உதைச்சிருக்கேன், பெட்ரோல் இல்லன்னு அப்புறமாத்தான் பாத்தேன், அதனால பிலேயாமை ரொம்ப சொல்ல மாட்டேன்.

கேள்வி (முத்தியால்பேட்டை வாசகி): அந்தத் தவளைக் கதையை முழுசா சொல்லுங்க. எங்க தெருவுல மழை பேஞ்சா ராத்திரி தூங்க முடியல.

எகிப்து ராஜா பார்வோன், அடிமையா வச்சிருந்த இஸ்ரவேலரை விடமாட்டேங்கறான், அதனால கடவுள்கிட்டேர்ந்து பத்து வாதை வருது, ரெண்டாவது தவளை. கட்டில்ல, அடுப்புல, மாவு பிசையற தொட்டியில எல்லாம் தவளை. பார்வோனோட மந்திரவாதிங்க "நாங்களும் செய்வோம்"னு கெளம்பி என்ன பண்ணாங்கன்னா, இன்னும் கொஞ்சம் தவளையை வரவழைச்சாங்க. ஐயா, இருக்கறதை விரட்டத்தானே உங்களுக்கு சம்பளம்?

இதை விடப் பெரிய காமெடி அடுத்தது. பார்வோன் தாங்க முடியாம மோசேயைக் கூப்பிடறான், தவளை எப்ப போகணும்னு நீங்களே சொல்லுங்கன்னு மோசே கேக்கறாரு. வீடு முழுக்க தவளை, படுக்கையில தவளை, அந்த ராஜா சொன்ன பதில்: "நாளைக்கு." இப்பவேன்னு சொல்லிருந்தா இப்பவே போயிருக்கும். ரேஷன் கார்டுல பேர் சேக்கறது, பல் டாக்டர், சொட்டற குழாய், எல்லாத்துக்கும் நம்ம வாயில வர்ற அதே வார்த்தை.

மூலத்துல "தவளை வந்தது"ன்னு ஒருமையில இருக்குங்கறதை வச்சு ரபிமாருக்குள்ள ஒரு சண்டையே நடந்திருக்கு. ஒரே ஒரு தவளைதான், அதுவே எகிப்து முழுக்க ரொம்பிடுச்சுன்னு ரபி அகிவா சொல்லிருக்காரு. உனக்கெதுக்குப்பா கதை சொல்ற வேலை, ஒரு தவளை கத்துச்சு, மத்ததெல்லாம் வந்துச்சுன்னு இன்னொரு ரபி அவரை மடக்கறாரு. அடிக்க அடிக்க அது கூட்டம் கூட்டமா பெருகிச்சுன்னு ஒரு விளக்கமும் இருக்கு. உங்க தெருவுல எதுன்னு ஒரு நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு எழுதுங்க.

கேள்வி (வில்லியனூர் வாசகர்): கடலூர் ஓல்டு டவுன்லேர்ந்து அம்மாவை இங்க கூட்டிட்டு வந்தோம். மூணு வேளையும் "அங்க மீன் எப்படி இருக்கும் தெரியுமா"ன்னு ஒரே புலம்பல். உங்க தோராவுல இதுக்கு மருந்து இருக்கா?

மருந்து இல்ல தம்பி, துணை இருக்கு. எண்ணாகமம் 11ஐ எடுத்துப் படிங்க. அடிமையா செங்கல் அறுத்த ஜனம், வெளிய வந்து வனாந்தரத்துல நிக்குது, வானத்துலேர்ந்து மன்னாங்கற சாப்பாடு விழுது, அதைப் பாத்துட்டு அழுதுக்கிட்டே சொல்லுது, எகிப்துல ஓசியில சாப்பிட்ட மீனு, வெள்ளரிக்கா, வெங்காயம், வெள்ளப்பூண்டு எல்லாம் ஞாபகம் வருதேன்னு. ஓசியிலயாம்! முதுகுல விழுந்த அடி மறந்துபோச்சு, பூண்டு வாசனை மறக்கல. கறி வேணும்னு கேட்டதுக்கு, ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு மாசம், மூக்கு வழியா வர்ற வரைக்கும் சாப்பிடுவீங்கன்னு கடவுள் சொல்றாரு, காடைங்க வந்து குவியுது. அந்தக் கதை நல்லா முடியாது, பல பேரு செத்துப்போறாங்க, அதனால அம்மாகிட்ட முழுசா சொல்லாதீங்க.

ஆனா ஒண்ணு, உங்கம்மா அடிமையா இருந்துட்டு வரல, அவங்க ஊரை விட்டுட்டு வந்திருக்காங்க. வாரத்துல ஒரு நாள் காலையில பஸ் ஏத்தி துறைமுகத்துக்கு அனுப்புங்க, சங்கராவோ கானாங்கெளுத்தியோ அவங்களே பேரம் பேசி வாங்கிட்டு வரட்டும், பாதி புலம்பல் கொறஞ்சிடும்.

கேள்வி (பள்ளிக்கூட டீச்சர், அரியாங்குப்பம்): ஹோம்வொர்க் செய்யாத பசங்க சொல்ற காரணத்துக்கு ஈடா ஏதாவது?

மோசேயோட அண்ணன் ஆரோன். ஜனங்க கும்பிடறதுக்கு பொன் கன்னுக்குட்டி ஏண்டா செஞ்சேன்னு மோசே கேட்டதுக்கு, "ஜனங்க பொன்னைக் குடுத்தாங்க, நெருப்புல போட்டேன், இந்தக் கன்னுக்குட்டி வெளிய வந்துச்சு"ங்கறாரு. அவ்ளோதான், அதுவா வந்துச்சாம். பின்னாடி அவரையேதான் பிரதான ஆசாரியரா ஆக்கினாங்க, அதனால உங்க பசங்களையும் ரொம்ப கைவிட்டுடாதீங்க டீச்சர்.

கேள்வி (காந்தி வீதி வியாபாரி): சண்டே மார்க்கெட்ல கடை போடறேன். ஆபிரகாம் நல்லா பேரம் பேசுவாராமே?

கடவுள்கிட்டயே பேசினவருண்ணே. சோதோம் பட்டணத்தை அழிக்கப் போறேன்னதும், 50 நல்லவங்க இருந்தா விட்டுடுவியான்னு ஆரம்பிச்சு, 45, 40, 30, 20, கடைசியில 10 வரைக்கும் எறக்கிட்டாரு. நடுநடுவுல "கோச்சுக்காதே, இன்னொரு வாட்டி கேக்கறேன்"னு அந்தப் பணிவு வேற, அது நம்ம பெரிய மார்க்கெட்டுக்கு வர்ற தேர்ந்த அம்மாக்களோட அதே ஸ்டைல்.

ஆனா அதே ஆளு சாராள் செத்தப்ப என்ன பண்ணாருன்னு பாருங்க. அடக்கம் பண்ண மக்பேலா குகையைக் கேக்கறாரு. எப்பெரோன்ங்கறவன் ஊர் ஜனம் முன்னாடி "சும்மாவே எடுத்துக்கங்க சாமி"ங்கறான். இல்ல, விலை சொல்லுன்னதும் "400 சேக்கல் வெள்ளி பெறும் நெலம், நமக்குள்ள அதெல்லாம் ஒரு காசா"ன்னு நைசா சொருகறான். உங்களுக்கு இந்த டயலாக் தெரியாததா! அது கொள்ளை விலைன்னு உரைகாரங்க பல பேரு சொல்றாங்க. ஆபிரகாம் ஒத்த வார்த்தை பேசல, வெள்ளியை நிறுத்துக் குடுத்துட்டாரு. அடுத்தவங்க ஊருக்காக அவ்ளோ நேரம் பேரம் பேசினவரு பொண்டாட்டி குழிக்குப் பேசல. எங்க அப்பா போனப்ப பூ மாலை விக்கறவரு சொன்ன விலைக்கு நான் வாயே திறக்கல, அது ஏன்னு இதைப் படிச்சப்பதான் எனக்கே புரிஞ்சுது.

கேள்வி (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்): நம்ம பக்கத்துக்கும் இதுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டா?

கொச்சி மட்டாஞ்சேரியில 1568ல கட்டின ஜெப ஆலயம் இருக்கு, போய்ப் பாருங்க. பாண்டியில, அரவிந்தர் ஆசிரமத்து அன்னை 1878ல பாரீஸ்ல பொறந்தது யூதக் குடும்பத்துலதான், அப்பா துருக்கி, அம்மா எகிப்து. இன்னொண்ணு, 1761ல இங்கிலீஷ்காரங்க பாண்டியைப் பிடிச்சப்ப இங்க இருந்த பிரெஞ்சுக்காரங்களோட அச்சு மெஷினை மெட்ராஸுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, அது தமிழ்ல பைபிளை மொழிபெயர்த்த பெப்ரீசியஸ் பாதிரியார் கைக்கு, வேப்பேரிக்குப் போச்சு. நம்ம ஊர் மெஷின், திருப்பித் தரவே இல்ல!

கேள்வி (சாரம் வாசகி): எல்லாம் கதையாவே இருக்கே, வீட்டுக்கு ஒதவற மாதிரி உருப்படியா ஒண்ணு சொல்லுங்க.

உபாகமம் 22, எட்டாவது வசனம். புது வீடு கட்டினா மொட்டை மாடிக்கு கைப்பிடிச் சுவர் கட்டு, யாராவது விழுந்தா அந்தப் பழி உன் வீட்டு மேலன்னு இருக்கு. எனக்கு ரொம்பப் புடிச்ச வசனமே இதுதான், கொத்தனார்கிட்ட நேரா காட்டலாம். சுவரு பத்து கையகலம் உயரம் இருக்கணும்னு ரபிமார் கணக்கு வேற குடுத்திருக்காங்க.

மாடியில இருந்த பெரியவர் இதை சொன்ன அன்னிக்கே நான் போய் என் கையை வச்சு அளந்தேன். எங்கப்பா கட்டின சுவரு, ஆறு கையகலம்தான் இருந்துச்சு, அதுவும் உப்புக் காத்துல மேல் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும். நானும் நாளைக்கு நாளைக்குன்னு ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன். ஒரு நாள் சாயந்தரம் வத்தல் எடுக்க மேல போறேன், பேரன் அந்த சுவரு மேல காலை வெளிய தொங்கப் போட்டுக்கிட்டு, ஒரு கையில முறுக்கு, ஒரு கையில போன், பக்கத்து வீட்டு நாயைப் பாத்து சிரிச்சுக்கிட்டு இருக்கான். நான் சத்தம் போடல, போட்டா திரும்புவான், திரும்பினா வழுக்கும். செருப்பைக் கழட்டிட்டு பின்னாடியே போய் இடுப்போட சேத்துப் பிடிச்சு உள்ள இழுத்தேன். முறுக்கு மட்டும் கீழ விழுந்துச்சு, அந்த நாய் தின்னுடுச்சு. மறுநாளே கொத்தனாரு வந்தாரு.

இப்ப சுவரு நெஞ்சளவு இருக்கு. ஆனா அதே வசனத்தை வச்சு ரபி நாத்தான்னு ஒருத்தரு கடிக்கற நாயையும் ஆடற ஏணியையும் வீட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காரு. நாய் நம்மளது இல்ல. தண்ணி டேங்க்குக்குப் போற ஏணிக்குத்தான் ஒரு கால் ஆடுது, அடியில ஓடு ஒண்ணை சொருகி வச்சிருக்கேன், வெல்டிங்காரருக்கு நாளைக்கு போன் பண்ணணும்.