பக்கத்து போர்ஷன் ஆயாவிடம் பேச்சை எப்படித் தொடங்குவது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறோம். பக்கத்து போர்ஷனில் 78 வயது ஆயா தனியாக இருக்கிறார். மகன் வெளியூரில். அவரோடு உட்கார்ந்து பேச ஆசை. இரண்டு முறை பழம், பிஸ்கட் வாங்கிப் போனேன். “எதுக்கும்மா இதெல்லாம்” என்று வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பழப் பைதான் தடை. நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த முறை கொடுக்கப் போகாதீர்கள், கேட்கப் போங்கள்.

உங்கள் பகுதியில் அதற்கு மீனே போதும். காசிமேட்டில் வாங்கின சங்கராவைப் பாத்திரத்தோடு கொண்டுபோய், “நல்லதா பாருங்க ஆயா” என்று காட்டுங்கள். மீன் வாங்கிப் பழகிய கை முதலில் செவுளைத் தூக்கும். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு, பழுப்பேறி வழவழத்தால் பழசு. கண் தெளிந்து உப்பலாக இருக்க வேண்டும், குழி விழுந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் சதை உடனே மேலே வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளில் எதை வாங்கலாம், ஐஸில் கிடந்த மீனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் பேச்சு தானாக நீளும். சைவம் என்றால் வடகத்துக்கு உப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

மாலை 4 மணிக்கு மேல், மதியத் தூக்கம் முடிந்து சீரியல் தொடங்குவதற்கு முன் போவது நல்லது. அரை மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள், அதே கிழமைகளில். ஆர்வத்தில் பத்து நாள் தொடர்ந்து போய்விட்டு அப்புறம் நின்றுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அவர் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார். வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காது மந்தமாக இருந்தால் கத்தாதீர்கள். வயதானால் முதலில் குறைவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். கத்தும்போது குரல் இன்னும் உயர்ந்து, சொல் சிதறிவிடும். டிவியை நிறுத்தி, எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். சொன்ன கதையையே திரும்பச் சொன்னால், “ஏற்கனவே சொன்னீங்களே” என்று வெட்டாமல், போன தடவை கேட்காத ஒன்றைக் கேளுங்கள். “அப்போ இந்தத் தெருவுல தண்ணி எங்க புடிப்பீங்க?” என்றால் போதும், அதே கதைக்குள் புதுசாக ஒன்று வரும்.

பேச்சு ஓடாத நாளுக்குப் பல்லாங்குழி இருக்கிறது. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கூட்டிப் போங்கள். எண்ணி எண்ணிப் போடுவதில் கணக்கு படியும், ஆயாவின் விரல்களுக்கும் வேலை கிடைக்கும். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கிறேன் என்று அவர் சொன்னால், “உங்களுக்கு எதுக்கு சிரமம்” என்று மறுக்காதீர்கள். தன்னாலும் ஒருவருக்கு ஆகிறது என்பது அந்த வயதில் பெரிய பலம். உங்களுக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

சில எல்லைகள் உண்டு. சர்க்கரை, பிரஷர் விசாரிக்காமல் பலகாரம் கொடுக்க வேண்டாம். மாத்திரை விஷயத்தில் சொந்த யோசனை சொல்ல வேண்டாம். ஏடிஎம் ரகசிய எண்ணை அவரே சொன்னாலும் கேட்டுக்கொள்ளாதீர்கள். முதல் வாரத்திலேயே மகனிடம் போனில் பேசிவிட்டால், பிறகு யாருக்கும் சந்தேகம் வராது.

அடிக்கடி பார்ப்பவர் கண்ணுக்குத்தான் மாற்றம் உடனே தெரியும். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். படுத்தால் சரியாகும் என்று விடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மகனின் எண், 108, முதியோர் உதவி எண் 14567 மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, ஆயாவின் சம்மதத்தோடு அவர் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.