எக்ஸ்டர்ன்ஷிப்புக்கு வீட்டுப் பத்திரம் எதற்கு?

கேள்வி: வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் ஒரு மாதமாவது வெளிநாட்டில் எக்ஸ்டர்ன்ஷிப், அதாவது வேறொரு கல்லூரியிலோ மருத்துவமனையிலோ குறுகிய காலப் பயிற்சி, செய்ய ஆசை. முப்பது பல்கலைக்கழகங்களுக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு பதில்தான் வந்தது, இரண்டிலும் இடமில்லை என்று. இப்போது ஓர் ஏஜென்ஸி, தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிகளோடு 2 வாரம், சான்றிதழும் உண்டு, 2.4 லட்சம் ரூபாய் என்கிறது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் புரட்டித் தருகிறேன் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். என்ன செய்யட்டும்? வெளிநாட்டில் விலங்குகளைக் கையால் தொட விடுவார்களா? நான் அனுப்பிய மெயிலையும் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், வியாசர்பாடி (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நானும் வேப்பேரியில் படித்தவள்தான். அந்த உரிமையில் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். கட்டாதே. சிங்கக் குட்டிக்குப் பால் புகட்டுவது கால்நடை மருத்துவப் பயிற்சி இல்லை. அப்படிப்பட்ட பல இடங்களில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துச் சுற்றுலாப் பயணிகளின் மடியில் வைக்கிறார்கள். வளர்ந்த பிறகு அதே சிங்கங்களை வேலிக்குள் விட்டுக் காசுக்குச் சுடும் வேட்டைத் தொழிலும் அந்த நாட்டில் நடந்து வந்திருக்கிறது. சிங்கங்களை இப்படி அடைத்து வளர்க்கும் தொழிலுக்கு முடிவு கட்டப்போவதாகத் தென்னாப்பிரிக்க அரசே 2021-ல் அறிவித்தது. நாளைக்கு நீ விண்ணப்பிக்கும் இடத்தில் விஷயம் தெரிந்த ஒரு மருத்துவர் இந்தச் சான்றிதழைப் பார்த்தால், அது உனக்கு எதிராகத்தான் பேசும். ஏஜென்ஸியிடம் இரண்டே கேள்வி கேட்டுப் பார்: என்னை மேற்பார்வையிடும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் யார்? என் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுபவர் யார்? பதில் மழுப்பலாக வந்தால் அது சுற்றுலாதான்.

இப்போது உன் மெயிலுக்கு வருகிறேன். படித்தபோது மனசு கனத்தது. ‘உலகப் புகழ்பெற்ற உங்கள் நிறுவனத்தில் எனக்கு ஒரு பொன்னான வாய்ப்பு’ என்று தொடங்கி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரை வந்துவிட்டாய். நீ வேப்பேரியில் என்ன பார்த்தாய் என்று ஒரு வரிகூட இல்லை. முப்பது பேருக்கும் அதே மெயில். இடமில்லை என்றாவது இரண்டு பேர் எழுதினார்களே, அது அவர்கள் நல்ல மனசு.

ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில், கடைசியில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறாய். உன் தம்பி மொட்டை மாடியில் ஹோமர் என்கிற பந்தயப் புறா வளர்க்கிறான். போன மழைக்காலத்தில் ஆறு புறாக்கள் கழுத்து திருகி, தானியத்தைக் கொத்தத் தெரியாமல் தரையைக் கொத்திக்கொண்டு நின்றன. நீ நோயுற்றவற்றைப் பிரித்து வைத்து, சிரிஞ்சில் கஞ்சி கொடுத்து, நான்கைக் காப்பாற்றினாய். தங்கையே, கடிதம் இங்கேதான் தொடங்க வேண்டும்! கழுத்துத் திருகலுக்குக் காரணம் பலவும் இருக்கலாம். ஆனால் புறாக்களைக் கூட்டமாகப் பிடிக்கும்போது முதலில் சந்தேகப்பட வேண்டிய பாராமிக்ஸோ வைரஸ், கோழிகளுக்கு வரும் ராணிக்கெட் நோயின் வைரஸ் வகையைச் சேர்ந்தது. பறவை மருத்துவத் துறையில் இருக்கும் எந்தப் பேராசிரியரும் அந்த இடத்தில் நிறுத்தி நிதானமாகப் படிப்பார்.

அதனால் இப்படி எழுது: ‘நான் சென்னை வேப்பேரியில் நான்காம் ஆண்டு மாணவி. எங்கள் வட்டாரத்தில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் அதிகம். கழுத்துத் திருகல் வந்த ஆறு புறாக்களை வீட்டில் பராமரித்தேன், இரண்டு இறந்தன. ஆய்வகத்தில் உறுதி செய்ய முடியவில்லை. உங்கள் பறவைப் பிரிவில் இந்த நோயை எப்படி உறுதி செய்கிறீர்கள், கூட்டத்தை எப்படித் தனிமைப்படுத்துகிறீர்கள் என்று அருகிலிருந்து கற்க விரும்புகிறேன். இன்ன மாதம், 4 வாரம். செலவு என்னுடையது. பார்வையாளராக மட்டும் அனுமதித்தாலும் சம்மதம்.’ அவ்வளவுதான். ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். இரண்டு இறந்தன என்பதை மறைக்காதே. உறுதி செய்ய முடியவில்லை என்பதையும் மறைக்காதே. அந்த நேர்மையைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

பறவை வேண்டாம், நாய்தான் விருப்பம் என்றாலும் உனக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. டிஸ்டெம்பர், பார்வோ என்கிற வைரஸ் நோய்கள், உண்ணியால் வரும் எர்லிக்கியா, பபேசியா எல்லாம் வேப்பேரி ஓபியில் நாம் வாரா வாரம் பார்ப்பவை. தடுப்பூசி நன்றாகப் பரவிய நாடுகளில் டிஸ்டெம்பர் வலிப்பை நேரில் பார்க்காமலே படிப்பை முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1903-ல் தொடங்கிய கல்லூரி நம்முடையது. அங்கே நாம் பார்க்கிற கேஸ்களுக்கு வெளியே மதிப்பு உண்டு என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இன்றிரவே ஒரு நோட்டுப் போடு. தேதி, விலங்கு, அறிகுறி, என்ன பரிசோதனை, என்ன ஆனது, அதில் உன் பங்கு என்ன. உரிமையாளர் பெயர் மட்டும் வேண்டாம்.

யாருக்கு எழுதுவது? பல்கலைக்கழகத்தின் பொது முகவரிக்குப் போன மெயில் கிணற்றில் போட்ட கல். வெளி மாணவர்களைக் கவனிக்க ஒரு பொறுப்பாளர் இருந்தால் அவருக்கு, அந்தத் துறைப் பேராசிரியர் ஒருவருக்கு, பெயர் சொல்லி எழுது. அதற்கும் முன்னால், நம் கல்லூரியிலேயே வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்துத் திரும்பிய ஆசிரியர்களின் கதவைத் தட்டு. அவர்கள் போடும் ஒரு வரி, நீ எழுதும் நூறு மெயிலுக்குச் சமம். மாதவரத்தில் உள்ள தனுவாஸ், அதாவது நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகத்தில் எந்தெந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது என்றும் நேரில் போய்க் கேள். உன் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். ஐவிஎஸ்ஏ என்கிற உலகக் கால்நடை மருத்துவ மாணவர் சங்கத்தின் பரிமாற்றத் திட்டத்தையும் விசாரி. அங்கே உள்ளூர் மாணவர்களே தங்க இடமும் கிளினிக்கும் பார்த்துத் தருவதால் கையைக் கடிக்காது.

வெளிநாடு என்றாலே அமெரிக்கா, லண்டன் என்று நினைக்காதே. இலங்கையில் பேராதனையில் கால்நடை மருத்துவ பீடம் இருக்கிறது. மலேசியாவில் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் தட்பவெப்பம், நம் ஊர் நோய்கள், விமானச் செலவும் குறைவு. அக்கம்பக்கத்தில் தமிழும் காதில் விழும். முதல் பயணத்துக்கு நான் இந்த இரண்டையும்தான் சொல்வேன். குதிரைதான் உயிர் என்றால் மட்டும் கென்டக்கியின் லெக்சிங்டன் பக்கம் பார். அங்குள்ள பெரிய குதிரை மருத்துவமனைகள் மாணவர்களை எடுப்பதுண்டு. பிரிட்டனில் அவர்கள் மாணவர்களுக்கே வெளிப் பயிற்சி கட்டாயம். பல ஆண்டுகளாக அது 38 வாரம், பண்ணையில் 12, கிளினிக்கில் 26 என்று இருந்தது. அந்த வரிசைக்குப் பின்னால்தான் நமக்கு இடம். எங்கே என்றாலும் எட்டு, பத்து மாதம் முன்பே எழுதத் தொடங்கு.

கையால் தொட விடுவார்களா என்று கேட்டிருக்கிறாய். பெரும்பாலும் பார்க்க மட்டும்தான். பிரிட்டனில் 1966-ம் ஆண்டுச் சட்டப்படி விலங்குக்குச் சிகிச்சை செய்வது பதிவு பெற்ற மருத்துவரின் வேலை; மாணவர்களுக்குத் தனி விதிகள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலில் இந்தியக் கல்லூரி எதுவும் இல்லை என்பதால் பார்வையாளராகத்தான் எடுப்பார்கள். வருத்தப்படாதே. காலை ரவுண்ட்ஸில் அவர்கள் ஒரு கேஸை எப்படி யோசிக்கிறார்கள் என்று நான்கு வாரம் கேட்டாலே போதும், நீ திரும்பி வந்து ஓபியில் உட்காரும் விதமே மாறிவிடும். அங்கேயே வேலை செய்ய உரிமம் வாங்குவது தனிப் பாதை, தனித் தேர்வுகள். அதை இதோடு குழப்பிக்கொள்ளாதே.

சரி, காகிதங்கள். இன்டர்ன்ஷிப் ஓராண்டில் அந்த நாட்கள் கணக்கில் சேருமா என்று டீன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கு. வாய்ச்சொல் போதாது. எந்த வகை விசா என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல். ரேபிஸ் முன்தடுப்பூசி அட்டையைத் தேடி எடு. உலகச் சுகாதார நிறுவனம் 2018 முதல், முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று என இரண்டு நாள் ஊசி போதும் என்கிறது. சில இடங்களில் மூன்று கேட்பார்கள், சில இடங்களில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருப்பதற்கான டைட்டர் அறிக்கையும் கேட்பார்கள். அதற்கு நாள் பிடிக்கும்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று: உன் கம்பூட்ஸ். நான் வேப்பேரியில் போட்ட அதே பூட்ஸைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். தையல் ஓரத்தில் காய்ந்த சாணம் விரல் நகம் அளவுக்கு ஒட்டியிருந்தது, எனக்குத் தெரியவில்லை. பண்ணை வாசலில் அந்த ஊர் மருத்துவர் குனிந்து பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் என்னை வண்டிக்குத் திருப்பி அனுப்பினார். ஒரு வாரம் உள்ளே விடவில்லை. நான் அழுதேன். ஆனால் அவர் செய்ததுதான் சரி. நம் ஊரில் கோமாரி இருக்கிறது. அங்கே இல்லை. 2001-ல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. கால்நடைகளோடு இருந்தாயா என்று அமெரிக்கச் சுங்கப் படிவத்திலேயே கேள்வி உண்டு. ஆமாம் என்றே எழுது. பூட்ஸ், கோட் எல்லாம் அங்கே போய்ப் புதிதாக வாங்கு. போய் இறங்கியபின் எத்தனை நாள் கழித்து மாட்டுப் பக்கம் வரலாம் என்று முன்பே கேட்டுவை.

அப்பாவிடம் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல். ஏஜென்ஸிக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், வேண்டாம் என்று இன்றே ஒரு வரி அனுப்பிவிடு. புறாக் கடிதத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. திருத்தித் தருகிறேன்.