வாதம் யாரிடம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதச் சிறுபான்மையினர் மீதான வெறுப்புக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கேட்டு இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே ரகம். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் போடவில்லை.

பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தினமும் எங்கள் மதத்தைத் திட்டுகிறார். நானும் விடாமல் பதில் போடுகிறேன். ஒரு வருடமாகியும் அவர் மாறவில்லை.

மாற மாட்டார். குழுவில் அறுபது பேர் என்றால் சண்டை போடுவது நீங்கள் இரண்டு பேர், சத்தமில்லாமல் படிப்பவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். அவர்களுக்காக எழுதுங்கள். நாலு வரி, ஒரு தகவல், அதோடு நிறுத்துங்கள். கடைசி வார்த்தை அவருடையதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த ஐம்பத்தெட்டுப் பேரில் இரண்டு மூன்று பேரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். பேசுவதைவிட அதிகம் கேளுங்கள். அமெரிக்காவின் மயாமியில் திருநர் மீதான வெறுப்பைக் குறைக்க வீடு வீடாகப் போய்ப் பத்து நிமிடம் பேசிப் பார்த்தார்கள். குற்றம் சாட்டாமல், எதிரில் இருப்பவர் தான் ஒதுக்கப்பட்ட அனுபவத்தைச் சொல்லவிட்டுப் பேசிய பேச்சு அது. பலன் மூன்று மாதம் கழித்தும் மிஞ்சியிருந்ததாக 2016-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குழுவில் போட்ட நூறு பதிவுக்கு அந்தப் பலன் கிடைக்காது.

'முஸ்லிம்கள் மக்கள்தொகையைப் பெருக்கி நாட்டைப் பிடித்துவிடுவார்கள்' என்கிறார்கள். 'குடும்பம் எங்கள் சொந்த விஷயம்' என்று சொன்னால் போதாதா?

போதாது. கேட்பவர் 'அப்போ உண்மைதான் போல' என்று எடுத்துக்கொள்வார். கணக்கு உங்கள் பக்கம் இருக்கும்போது எதற்கு மழுப்பல்? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1992-93-இல் முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள், இந்துப் பெண்ணுக்கு 3.3. 2019-21-இல் அது 2.4, 1.9. இரண்டுமே இறங்குகின்றன, முஸ்லிம்களிடம் இன்னும் வேகமாக. ஒன்றுக்கு மேல் இருந்த இடைவெளி அரைக்கு வந்துவிட்டது. இதற்குக் காரணம் பெண்கள் படித்ததும் ஆஸ்பத்திரி வசதி கிடைத்ததும்தான். பீகார் இந்துக் குடும்பங்களின் சராசரி தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களின் சராசரியைவிட அதிகம். மதம்தான் காரணம் என்றால் இது எப்படி என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். எந்தக் கணக்கெடுப்பு, எந்த ஆண்டு என்பதை மட்டும் சொல்ல மறக்காதீர்கள்.

இத்துடன் ஒரு வீடியோவும் ஒன்பது பக்கச் செய்தியும் அனுப்பியுள்ளேன். மறுப்பு எழுதித் தரவும். அவசரம்.

எழுதித் தர மாட்டேன். ஒன்பது பக்கத்தில் ஒரு தேதிகூட இல்லை. நீங்கள் அதைத் திறந்து பார்த்தீர்களா என்பதே சந்தேகம். வீடியோ கோயம்புத்தூரில் எடுத்தது என்று தலைப்பு சொல்கிறது. பதினைந்தாவது வினாடியில் நிறுத்திப் பாருங்கள். பின்னால் மூன்று கடைப் பலகைகள் தெரிகின்றன, மூன்றும் வங்காள எழுத்து. நீங்கள் கேட்ட மறுப்பு அந்த ஒரு நிழற்படம்தான். அதை எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

தேதி, இடம், மூலம். இந்த மூன்றும் இல்லாத எதையும் எனக்கு அனுப்பாதீர்கள். உங்களுக்குச் சாதகமானது என்றாலும் அனுப்பாதீர்கள். சிறுபான்மையினர் பரப்பும் ஒரு பொய் அவர்கள் சொல்லும் நூறு உண்மையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். நியாயமில்லைதான், ஆனால் நடப்பு அது.

பொது மேடையில் எங்கள் வேத நூலிலிருந்து மேற்கோள் காட்டலாமா?

நம் ஆட்களிடம் தாராளமாக. மற்றவர்களிடம் வேண்டாம். அவர் நம்பாத நூல் அவருக்குச் சாட்சி ஆகாது.

எங்கள் சமூகத்தின் விடுதலைப் போராட்டத் தியாகிகள், ராணுவ வீரர்கள், விஞ்ஞானிகள் பட்டியல் ஒன்று தயாரித்திருக்கிறேன். 'இவ்வளவு செய்த எங்களையா சந்தேகிக்கிறீர்கள்' என்று முடித்திருக்கிறேன். திருத்தித் தர முடியுமா? (கல்லூரி மாணவர்)

தம்பி, மாதத்துக்கு நாலு பேர் இதே பட்டியலை அனுப்புகிறார்கள். எல்லாவற்றிலும் அப்துல் கலாம் முதலில். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. பட்டியலின் மீது இல்லை.

சிலர் செய்த நன்மைக்காகச் சமூகம் முழுவதையும் மதிக்க வேண்டும் என்கிறீர்கள். எதிரில் இருப்பவர் உடனே ஒரு குற்றவாளியின் பெயரைச் சொல்லுவார். அப்போது 'ஒருவன் செய்ததற்கு எல்லோரும் எப்படிப் பொறுப்பு' என்று கேட்பீர்கள். புகழை மட்டும் பங்கு போட்டுக்கொள்வோம், பழியை வேண்டாம் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அந்தத் தராசை மேசையில் வைத்ததே நீங்கள்தான். அவர் ஒரு கல்லைப் போடுகிறார், அவ்வளவுதான்.

அதைவிட மோசம், உரிமையை நீங்களே பரிசாக மாற்றிவிடுகிறீர்கள். தியாகி இல்லாத குடும்பத்துக்கு உரிமை குறைவா? அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவையும் 25-ஆம் பிரிவையும் எடுத்துப் படியுங்கள். சட்டத்தின் முன் சமத்துவம், மனசாட்சிச் சுதந்திரம் இரண்டும் அங்கே எல்லா நபர்களுக்கும் தரப்பட்டிருக்கின்றன. குடிமக்களுக்கு மட்டும் என்றுகூட இல்லை. சுற்றுலா வந்த வெளிநாட்டவருக்கே உள்ள ஒன்றை வாங்க இங்கே பிறந்த நீங்கள் ஏன் நற்சான்றிதழ் நீட்டுகிறீர்கள்?

கேரளத்தில் 1985-இல் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு அவர்கள் எழுந்து மரியாதையாக நின்றார்கள், ஆனால் பாடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று நீதிமன்றம் பார்த்தது. அப்படி ஒரு சட்டம் இல்லை. அவமதிப்பும் நடக்கவில்லை. 1986-இல் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவு வந்தது. மிகச் சிறிய ஒரு பிரிவும் அரசியலமைப்பின் கீழ் தனக்கு இடம் காண முடிகிறதா என்பதுதான் ஜனநாயகத்துக்குச் சோதனை என்ற கருத்தையும் தீர்ப்பு சொன்னது. அந்தக் குடும்பத்தின் பரம்பரையில் எத்தனை தியாகிகள் என்று யாரும் எண்ணவில்லை.

பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். 'விதி என்ன, அது எல்லோருக்கும் ஒன்றா' என்று கேட்கப் பழகுங்கள்.

மதமாற்றக் குற்றச்சாட்டுக்கு, '25-ஆம் பிரிவு எங்களுக்கு மதம் மாற்றும் உரிமை தந்திருக்கிறது' என்று பதில் சொல்கிறோம். சரிதானே?

தவறு. ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இலேயே சொல்லிவிட்டது. மதத்தை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம், இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது. அந்தத் தீர்ப்போடு உடன்படாதவர்கள் உண்டு, ஆனால் இன்றைய சட்டம் அதுதான். தெரியாமல் மேடை ஏறினால் முதல் வழக்கறிஞர் உங்களைக் கீழே இறக்கிவிடுவார். தானாக விரும்பி மாறுகிறவரின் மனசாட்சிச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுங்கள், அதற்கு வலு அதிகம்.

நாட்டின் மக்கள்தொகையில் கிறிஸ்தவர்களின் பங்கு 1951-இல் சுமார் 2.3 சதவீதம், 1971-இல் 2.6, 2011-இல் மறுபடி 2.3. 'நாடே மாறுகிறது' என்பவரிடம் இதைச் சொல்லலாம். ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நாளை அது மூன்று ஆனால் என்ன சொல்வீர்கள்?

கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை தரும் அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குச் சலுகை என்கிறார்கள்.

முழுதும் படிக்காதவர்கள் சொல்வது. மதச் சிறுபான்மைக்கும் மொழிச் சிறுபான்மைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பிரிவு. யார் சிறுபான்மை என்பதை மாநில அளவில் பார்க்க வேண்டும் என்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு 2002-இல் சொன்னது. மும்பையில் தமிழர் நடத்தும் பள்ளிக்கும் அதே பாதுகாப்புதான். உங்களோடு வாதிடுபவரின் அண்ணன் வெளிமாநிலத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், பேச்சு சுமுகமாகிவிடும்.

அவுரங்கசீப் கோயில்களை இடித்தார் என்று ஆரம்பிக்கிறார்கள். அவர் கொடுத்த மானியங்களைச் சொல்லி எதிர்கொள்கிறேன்.

முந்நூறு ஆண்டுக்கு முன் செத்துப்போன ராஜாவுக்கு நீங்கள் எதற்கு வக்கீல்? இடித்தார், மானியமும் கொடுத்தார். இரண்டும் வரலாற்றாசிரியர்கள் பாடு. 1947 ஆகஸ்ட் 15-இல் எந்த வழிபாட்டுத் தலம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று 1991-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அயோத்திக்கு அதில் விலக்கு. 2019 அயோத்தித் தீர்ப்பே அந்தச் சட்டத்தைப் பாராட்டிப் பேசியது. பேச்சை அங்கே கொண்டுவாருங்கள்.

எங்கள் சமூகத்தில் பெண்களுக்கான சொத்துரிமை பற்றிப் பேசினால் 'இது நேரமில்லை, எதிரிக்கு ஆயுதம் கொடுக்காதே' என்கிறார்கள்.

அந்த நேரம் எப்போது வரும் என்று கேட்டீர்களா அம்மா? எனக்கு நினைவு தெரிந்து வந்ததில்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தீர்ப்பு வந்த அதே 1986-இல், அதே கேரளத்தின் மேரி ராய் வழக்கில் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கும் தந்தையின் சொத்தில் சம பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சமூகத்தின் உரிமையை அரசு மதிக்க வேண்டும் என்று கேட்பவர், வீட்டுப் பெண்ணின் உரிமையைச் சமூகம் மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பக்கத்தில் இருப்பவர் நம்புவார். விவாகரத்தான முஸ்லிம் பெண் ஷா பானோவுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 1985-இல் வந்த தீர்ப்பைப் புதுச் சட்டம் போட்டு மழுங்கடிக்க வைத்ததில் யாருக்கு லாபம்? பிரிவினை அரசியல் நாற்பது ஆண்டாக அதை வைத்தே பிழைக்கிறது. நீங்கள் பேசுங்கள்.

தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று எங்கள் மதகுரு பிரசங்கத்தில் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது ஊழல் நடவடிக்கை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) சொல்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017-இல் தீர்ப்பு வந்தது. மற்றவர்கள் அப்படி ஓட்டுக் கேட்பதை எதிர்க்க இருக்கும் ஆயுதத்தை நீங்களே உடைக்காதீர்கள்.

வெறுப்புப் பேச்சுக்குப் புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா?

சில நேரம் நடக்கும். கொடுக்காவிட்டால் நிச்சயம் நடக்காது. புகார் இல்லாமலே போலீஸ் வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். பிரிவுகளிடையே பகையைத் தூண்டும் பேச்சுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 196-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 153அ. சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான போலீஸ் ரசீது) கையில் வராமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அப்புறம் மாஜிஸ்திரேட். இந்தப் பிரிவில் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும், அதனால் பொறுமையும் வேண்டும்.

மனுவில் மறுபடியும் அதே மூன்று: தேதி, இடம், மூலம். புலம்பலைக் குறைத்து, பேசிய வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். முழு உரையின் பதிவையும் சேமித்து வையுங்கள். இருபது வினாடித் துண்டோடு போனால் 'முன்னும் பின்னும் வெட்டிவிட்டார்கள்' என்பதுதான் அந்தப் பக்கத்து வக்கீலின் முதல் வரியாக இருக்கும்.