டிஎச்350: முழு த்ராட்டிலிலும் 5,000-லேயே இரண்டாவது கியர்

உங்கள் டிஎச்350 (ஜிஎம்மின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் 5,000 ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) இரண்டாவது கியருக்கு மாறுகிறது, அதை 6,000-க்குத் தள்ளுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கவர்னரில்தான், அதாவது வண்டியின் வேகத்துக்கேற்ப கியர் மாறவைக்கும் சுழலும் எடைகள் உள்ள பாகத்தில்தான், கை வைக்க வேண்டும். நீங்கள் கேட்கும் 6,000 ஆர்பிஎம்முக்குத் தள்ள, கவர்னரின் எடையைக் குறைக்கலாம். வேக்குவம் மாடுலேட்டரை (இன்ஜினின் உறிஞ்சு அழுத்தத்தை வைத்து கியர் மாற்றத்தைச் சரிசெய்யும் பாகம்) திருகிக்கொண்டிருக்காதீர்கள். முழு த்ராட்டிலில் வேக்குவமே கிட்டத்தட்ட இருக்காது.

ஆனால் பிரிப்பதற்கு முன் டிடென்ட் கேபிளை (கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள்) பாருங்கள், எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவரை ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டர் முழுதாகத் திறக்கும்போது கேபிளும் கடைசிவரை இழுபட வேண்டும். தொய்வாக இருந்தால் கியர் சீக்கிரமே மாறிவிடும்.

சரி, கேபிள் ஒழுங்காக இருந்தால் கவர்னர் எடையைத் தேய்த்துக் குறைக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, இரு பக்கமும் சமமாக. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடமும் கூடவே ஏறும். அப்புறம், இன்ஜினின் வால்வ் ஸ்பிரிங் எதுவரை தாங்கும் என்று தெரியாமல் 6,000-ஐத் தொடாதீர்கள்.