'காங்ஷி' முத்திரை இருந்தால் 300 வருடப் பழசா?

கேள்வி: மலாக்காவில் ஜோங்கர் தெருப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் நீலவெள்ளைப் பீங்கான் ஜாடி ஒன்றைப் பார்த்தேன். நீலப் பின்னணியில் வெள்ளை பிளம் பூக்கள், அடியில் இரட்டை வட்டத்துக்குள் நாலு சீன எழுத்து. காங்ஷி பேரரசர் காலத்து ஜாடி, 300 வருடம் தாண்டியது என்று சொல்லி 6,000 ரிங்கிட் கேட்கிறார்கள். பழைய சீனப் பீங்கான் சேர்க்க ரொம்ப நாளாக ஆசை. இதிலிருந்து ஆரம்பிக்கலாமா? (ஈப்போ வாசகர்)

பதில்: காங்ஷி என்று நம்பி அந்த விலை கொடுக்காதீர்கள். வெடித்த பனிக்கட்டி மாதிரி கோடு போட்ட நீலத்தில் வெள்ளைப் பூ, அடியில் நாலெழுத்து காங்ஷி முத்திரை, இரண்டும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்றுமதிக்காகச் செய்த ஜாடி, இல்லையென்றால் அதற்கும் பிந்தைய நகல். 19-ஆம் நூற்றாண்டு ஜாடியும் நல்ல பழம்பொருள்தான், தாராளமாக வாங்கலாம், ஆனால் அதன் விலைக்கு.

முத்திரையை ஏன் நம்பக் கூடாது என்றால், காங்ஷி ஆட்சி 1662 முதல் 1722 வரை, அதன் நடுவில் 1677-ல் பீங்கான் ஊரான ஜிங்தேஜென்னை நிர்வகித்த அதிகாரி பேரரசர் பெயரைப் பாத்திரங்களில் எழுதவே தடை போட்டார், உடைந்து குப்பைக்குப் போகிற சாமானில் அந்தப் பெயர் இருப்பது அவமரியாதை என்று. அதனால் அசல் காங்ஷி சாமான் பலவற்றில் அடியில் வெறும் இரட்டை வட்டமோ ஒரு இலையோதான் இருக்கும், சிலவற்றில் 15-ஆம் நூற்றாண்டு மிங் பேரரசர் செங்ஹுவாவின் பெயர்கூட இருக்கும். பழைய பேரரசரின் பெயரை மரியாதைக்காக எழுதுவது அங்கே சர்வ சாதாரணம். அரண்மனைக்கென்று செய்த முத்திரைச் சாமானில் வழக்கமாக ஆறு எழுத்து.

அதனால் முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பூவைப் பாருங்கள். நல்ல காங்ஷி ஜாடியில் பிளம் கிளைகள் ஒன்று கீழிருந்து ஏறும், அடுத்தது மேலிருந்து தொங்கும், நீலம் ஒரே சீராக இருக்காது, தூரிகை போன வழியெல்லாம் அடர்த்தியும் வெளிறலுமாக மாறி மாறி, பார்க்கப் பார்க்க ஆழமாகத் தெரியும். பிந்தைய ஜாடிகளில் பெரும்பாலும் கிளை பேருக்குத்தான், பூக்கள் மட்டும் அங்கங்கே உட்கார்ந்திருக்கும், நீலமும் தட்டையாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நீலம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால், அல்லது கோடுகள் ஓரிடத்தில் வெட்டி ஒட்டியதுபோல் நின்றால், அது அச்சுப் படம், கையால் வரைந்ததில்லை.

அப்புறம் தலைகீழாகத் திருப்பி அடிவளையத்தை, அதாவது மெருகு பூசாத அந்த விளிம்பை, விரலால் தடவுங்கள். காங்ஷி காலத்து மண் நன்றாக அரைத்தது, விளிம்பு நெருநெருவென்று இல்லாமல் வழவழப்பாக இருக்கும், மெருகு முடிகிற இடத்தில் மெல்லிய செம்பழுப்புக் கோடும் தெரியலாம். வளையம் முழுக்க ஒரே பழுப்பாக அப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள், சாயம் பூசிப் பழசாக்குவது உண்டு. உண்மையான தேய்மானக் கீறல்கள் ஆழமும் திசையும் வேறு வேறாக இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவை ஒரே பக்கமாக ஓடும். அடியில் ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருந்தால் அநேகமாக 1891-க்குப் பிந்தையது, அமெரிக்கச் சுங்கச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்க ஆரம்பித்த பிறகு வந்த பழக்கம் அது. மூடி ஜாடியோடு பிறந்ததா என்றும் பாருங்கள், நீலம் ஒத்துப்போகாவிட்டால் வேறொரு ஜாடியின் மூடி.

சரி, எதில் ஆரம்பிப்பது? என்னைக் கேட்டால் மூழ்கிய கப்பல் சரக்கு. காலம் தெரிந்த பொருளைக் கையில் வைத்துப் பார்த்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. டெக் சிங் என்ற சீனக் கப்பல் 1822-ல் படேவியா (இன்றைய ஜகார்த்தா) போகிற வழியில் மூழ்கியது, 1999-ல் கண்டுபிடித்து எடுத்த சுமார் 3,50,000 பீங்கான்கள் 2000-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நாகல் நிறுவனத்தில் ஏலம் போயின. 1752-ல் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்சனின் சரக்கை 1986-ல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் விற்றது. கிண்ணம், தட்டு என்று சாதாரண வீட்டுச் சாமான்கள் நிறைய வந்ததால் சாதாரண ஆட்களும் வாங்க முடிகிற விலையில் அவ்வப்போது சந்தைக்கு வரும். ஏல நிறுவனத்தின் சீட்டு ஒட்டியிருப்பதைக் கேளுங்கள், சீட்டும் போலி வருவதால் அதிலுள்ள எண்ணை ஏலப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், கடல் உப்பு அரித்து மெருகு மங்கியதைத் தள்ளிவிட்டு நீலம் பளிச்சென்று இருப்பதை எடுங்கள்.

அந்த ஜாடியில்தான் மனசு நிற்கிறது என்றால், கடைக்காரரிடம் 'காங்ஷி காலம், 1662–1722' என்று ரசீதில் எழுதி, தவறென்றால் பணம் திருப்பித் தருவதாகவும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 'காங்ஷி பாணி' என்று எழுதுகிறேன் என்றால், 19-ஆம் நூற்றாண்டு ஜாடி என்றே பேரம் பேசுங்கள்.