பட்ஜெட்டில் அரசு உண்மை சொல்கிறதா? எங்கே பார்ப்பது?

வாசகர் கேள்வி: "தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளும் புதிய திட்டங்களை அறிவிக்கின்றன. பணத்துக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டால், ஊழலை ஒழித்தால் போதும் என்கிறார்கள். ஆட்சியில் இருப்பவர்களோ நிதிப் பற்றாக்குறை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்கிறார்கள். நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். மத்திய பட்ஜெட்டைப் பார்த்து, செலவைப் பற்றி அரசு உண்மை சொல்கிறதா என்று என்னைப் போன்றவர் கண்டுபிடிக்க வழி உண்டா?"

உண்டு. அதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. கூட்டல் கழித்தலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் அந்த "ஊழலை ஒழித்தால் போதும்" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். 2025-26 பட்ஜெட்டில், மாநிலங்களுக்கான வரிப் பங்கு போக மத்திய அரசின் வருவாய் 34.20 லட்சம் கோடி ரூபாய். அதில் பழைய கடனுக்கான வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. நூறு ரூபாய் வருவாயில் 37 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. இதோடு பாதுகாப்பு 4.92 லட்சம் கோடி, ராணுவம் உட்பட அனைவரின் ஓய்வூதியம் 2.77 லட்சம் கோடி, உணவு மானியம் 2.03 லட்சம் கோடி, உர மானியம் 1.68 லட்சம் கோடி ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். வருவாயில் பத்தில் ஏழு பங்கு இந்த ஐந்து இனங்களிலேயே தீர்ந்துவிடும். பள்ளி, மருத்துவமனை, ரயில், சாலை எதையும் இன்னும் நாம் தொடவில்லை. ஊழலை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் கடன் பத்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய வட்டியை ஊழல் ஒழிப்பால் குறைக்க முடியாது. இதை மேடையில் சொல்லும் தலைவர்கள் அரிதாகவே இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. பற்றாக்குறை, அதாவது வருவாய் போதாமல் கடன் வாங்கிச் செலவிடும் தொகை, நாட்டின் மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று அமைச்சர் சொல்லும் அந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நிதியமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தில் பொதுமக்களுக்காகவே ஒரு சுருக்க அறிக்கை வெளியிடப்படுகிறது. அதன் செலவு அட்டவணையில் நான்கு பத்திகள் இருக்கும். முதலாவது, முடிந்துபோன ஆண்டின் உண்மைச் செலவு. இரண்டாவது, நடப்பு ஆண்டுக்கு முதலில் சொன்ன பட்ஜெட் மதிப்பீடு. மூன்றாவது, அதே ஆண்டுக்கான திருத்திய மதிப்பீடு. நான்காவது, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. தொலைக்காட்சி விவாதங்கள் நான்காவது பத்தியைச் சுற்றியே நடக்கும். நீங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஏதாவது ஒரு வரியில் பெரிய வித்தியாசம் தெரிந்தால், நடப்பில் என்ன மாறியது என்று கேளுங்கள்.

உணவு மானிய வரியையே பார்க்கலாம். 2019-20 பட்ஜெட்டில் அதற்கு 1.84 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 1.09 லட்சம் கோடியாகக் குறைந்தது. ஏறக்குறைய 75,000 கோடி ரூபாய் காணாமல் போயிருந்தது. அந்த ஆண்டு ரேஷன் அரிசியை யாராவது குறைத்தார்களா? இல்லை. இந்திய உணவுக் கழகம் வழக்கம்போல விவசாயிகளிடம் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நெல்லும் கோதுமையும் வாங்கியது. அரிசியைச் சேமித்துக் கொண்டுசேர்க்கும் செலவோடு கிலோவுக்கு முப்பது ரூபாய்க்கு மேல் அடக்கமானது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதை 3 ரூபாய்க்கு மாநிலங்களுக்குக் கொடுத்தது. இடையிலுள்ள நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டியது மத்திய அரசு.

ஆனால் 2016-17 முதலே அந்த ஈட்டுத் தொகை முழுவதையும் அரசு பட்ஜெட்டிலிருந்து தரவில்லை. மீதிக்கு தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும்படி கழகத்துக்குச் சொன்னது. சிறுசேமிப்பு நிதி என்பது தபால் நிலையத்தில் நாம் போடும் பணம்தான்: செல்வமகள் சேமிப்பு, மூத்த குடிமக்கள் சேமிப்பு போன்றவை. கடன் வாங்கியது உணவுக் கழகத்தின் பெயரில் என்பதால் அது அரசின் பற்றாக்குறைக் கணக்கில் வரவில்லை. அசலையும் வட்டியையும் கடைசியில் அரசேதான் கட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனைச் சுட்டிக்காட்டினார். அந்தக் கடன் பாக்கி 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிப் போனது.

2021 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் இந்தப் பழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தார். பாக்கியைக் கணக்குக்குள் கொண்டுவந்ததும், பெருந்தொற்றுக் கால இலவச உணவு தானியச் செலவும் சேர்ந்து, 2020-21க்கான உணவு மானியம் 1.16 லட்சம் கோடியிலிருந்து 4.23 லட்சம் கோடியாக உயர்ந்தது. பற்றாக்குறை 3.5 சதவீதம் என்று சொல்லியிருந்த ஆண்டில் 9.5 சதவீதம் என்று அறிவிக்க வேண்டிவந்தது. எதிர்க்கட்சியாக இருந்தாலும் இதைப் பாராட்ட வேண்டும் என்பதே என் கருத்து. கெட்ட எண்ணைத் தானே வெளியே சொல்லும் அரசுக்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த அரசு மறைக்கத்தான் செய்யும்.

மறைப்பதில் கட்சி வேறுபாடு இல்லை. 2005 முதல் 2010 வரை ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு பெட்ரோலிய நிறுவனங்களுக்கு மானியத்தைப் பணமாகக் கொடுக்காமல், பின்னாளில் வட்டியோடு பணம் தருவதாக உறுதி சொல்லும் எண்ணெய்ப் பத்திரங்களாகக் கொடுத்தது. அன்றைய பற்றாக்குறை குறைவாகத் தெரிந்தது. அசலைக் கட்டும் பொறுப்பு பின்னால் வந்த அரசுகளின் தலையில் விழுந்தது. 2021-இல் அடுத்த அரசு, பெட்ரோல் வரியைக் குறைக்க முடியாததற்கு அந்தப் பத்திரங்களே காரணம் என்றது. 2021-22இல் அவற்றுக்காகக் கட்ட வேண்டியிருந்தது அசலும் வட்டியுமாகச் சுமார் 20,000 கோடி. பெட்ரோல், டீசல் மீதான மத்திய கலால் வரி வசூலோ 3 லட்சம் கோடிக்கு மேல். முன்னவர் செலவை மறைத்தார், பின்னவர் சுமையைப் பெரிதாக்கிக் காட்டினார். இரண்டுமே குடிமக்களுக்குச் செய்த அநியாயம்.

வேறொரு வகையும் உண்டு. தெரிந்தே குறைவாக ஒதுக்குவது. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2022-23இல் 73,000 கோடி ஒதுக்கி, பிறகு 89,400 கோடியாகத் திருத்தினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகும் அடுத்த ஆண்டுக்கு 60,000 கோடிதான் ஒதுக்கினார்கள். கடைசியில் 86,000 கோடியாக்க வேண்டிவந்தது. இடைப்பட்ட மாதங்களில் கூலி பாக்கிக்காகக் காத்திருந்த பெண்களை நம் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலக வாசல்களில் பார்த்திருப்பீர்கள்.

இந்த முறையை நீங்களே ஒரு வாக்குறுதியின் மேல் வைத்துப் பார்க்கலாம். 2024 ஜனவரி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இலவச உணவு தானியம் தர 11.80 லட்சம் கோடி ரூபாய் ஆகும் என்று மத்திய அரசே மதிப்பிட்டது. ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 2.36 லட்சம் கோடி. 2025-26 ஒதுக்கீடு 2.03 லட்சம் கோடி. உடனே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செலவு எல்லா ஆண்டும் ஒரே அளவில் இராது. கையிருப்பும் விலையும் மாறும். அந்த வித்தியாசத்தை எப்படிச் சமாளிக்கப் போகிறார்கள் என்று உங்கள் தொகுதி எம்.பி.யிடம் எழுதிக் கேட்கலாம். அவர் நாடாளுமன்றத்தில் எழுத்துமூலக் கேள்வியாக அதை வைக்க முடியும்.

அரசின் கடனுக்கும் பற்றாக்குறைக்கும் வரம்பு வைக்கும் நிதிப் பொறுப்புச் சட்டத்தையும் கவனியுங்கள். 2018-இல் திருத்தியபோது, 2024-25 முடிவதற்குள் மத்திய அரசின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று எழுதினார்கள். அந்த ஆண்டின் கடன் சுமார் 57 சதவீதம். இப்போது 2031 மார்ச்சுக்குள் 50 சதவீதத்தை ஒட்டி, ஒரு சதவீதம் கூடவோ குறையவோ இருக்கும்படி கொண்டுவருவது இலக்கு. பெருந்தொற்று ஒரு நியாயமான காரணம். அந்தக் காரணத்தைத் தேர்தல் மேடையிலும் சொல்ல வேண்டும்.

தேர்தல் அறிக்கைகளைப் பொறுத்தவரை உங்கள் கையில் ஒரு விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் இலவசத் தொலைக்காட்சி வழங்கியது தொடர்பான வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதன்படி தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் தேர்தல் அறிக்கைக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும், அதற்குப் பணம் திரட்டும் வழியையும் கட்சிகள் பொதுவாகவாவது குறிப்பிட வேண்டும் என்று அது சொல்கிறது. நெதர்லாந்தில் 1986 முதல், பொருளாதாரக் கொள்கை ஆய்வுக்கான அரசு நிறுவனமே கட்சிகளின் அறிக்கைகளுக்குச் செலவுக் கணக்குப் போட்டு வெளியிடுகிறது. கட்சிகள் தாமாக முன்வந்தே கொடுக்கின்றன. இங்கே அப்படி ஓர் அமைப்பு வரும்வரை, உங்கள் தெருவுக்கு வேட்பாளர் வரும்போது மூன்று கேள்விகள் போதும்: ஆண்டுக்கு எவ்வளவு, எந்த வரியை உயர்த்துவீர்கள் அல்லது எந்தச் செலவைக் குறைப்பீர்கள், கடன் வாங்குவதானால் யார் பெயரில். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.