சும்மா கிடக்கிற டொமைன் சும்மா வராது

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு மாங்காய் மண்டி இருக்கிறது. கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா காய் போடுவது அப்பா காலத்துத் தொழில். நான் இரண்டு வருடமாகச் செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா பழங்களை 5 கிலோ பெட்டியில் போட்டு, வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டருக்கு பெங்களூருக்கும் சென்னைக்கும் அனுப்புகிறேன். போன சீசனில் 1,100 பெட்டி போனது. செலவு போகப் பெட்டிக்கு 120 ரூபாய் நின்றது. மாம்பழத்தையும் நம் ஊரையும் சேர்த்து ஒரு டாட் காம் இணைய முகவரிப் பெயர் (டொமைன்) இருக்கிறது. பல வருடமாக யாரும் பயன்படுத்தாமல் வெறும் விளம்பரப் பக்கமாகக் கிடக்கிறது. உரிமையாளருக்கு எழுதினேன், 14,000 டாலர் கேட்கிறார். பேசினால் 10 லட்சத்துக்கு இறங்குவார் என்று நம்புகிறேன். வங்கி டெபாசிட் 6 லட்சம் இருக்கிறது, மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம். இது போக, இப்படிச் சும்மா கிடக்கும் பெயர்களாக 40 வாங்கிப் போட்டால் இரண்டு வருடத்தில் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று என் மச்சான் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு டாட் காம் அடுத்த மாதம் காலாவதியாகிறது. இறங்கலாமா? மனைவி பெயரில் வாங்கலாமா? மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.
(பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: நீங்கள் எழுதியிருந்த அந்த டொமைன் பெயரைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டு விலை பேசுவது எதற்கு என்று மண்டிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உரிமையாளருக்கு நீங்கள் அனுப்பிய மெயிலைப் படித்தபோது அதையெல்லாம் மறந்துவிட்டீர்களோ என்று தோன்றியது. முதல் வரியிலேயே ‘இந்தப் பெயர் எங்கள் தொழிலுக்கு மிகவும் அவசியம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடியில் மண்டியின் பெயர், இரண்டு கைபேசி எண்கள், ‘மூன்று தலைமுறை அனுபவம்’ என்ற வாசகம். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டீர்கள். 14,000 டாலர் என்பது அந்த மெயிலுக்கு வந்த விலைதான்; பெயருக்கு வந்த விலை என்று நான் நம்பவில்லை.

டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் அது 12 லட்சத்து 32 ஆயிரம். வெளிநாட்டுப் பணமாக அட்டையில் கட்டினால் பல வங்கிகள் தங்கள் பங்குக்கு 3.5 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும், அது தனி.

சும்மா கிடக்கிறது, ஆகவே குறைத்துக் கொடுப்பார் என்பது உங்கள் கணக்கு. இந்த ஒரு இடத்தில்தான் உங்களோடு நான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆலை வாசலில் டிராக்டர் வரிசையில் நிற்கும்போது கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டாலும் ஏன் தள்ளிவிட்டு வருகிறீர்கள்? காய் நாளைக்குப் பழுக்கும், நாளை மறுநாள் அழுகும். அவரிடம் இருக்கும் சரக்கு அழுகாது. டாட் காம் ஒன்றைப் புதுப்பிக்க வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 ரூபாய் ஆகும். பத்து வருடம் வைத்திருந்தாலும் 12,000 ரூபாய்தான். வேலி போட வேண்டாம், காவலுக்கு ஆள் வேண்டாம், பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை வெட்டிவிடுவார் என்ற பயம் இல்லை. அந்த விளம்பரப் பக்கத்தில் யாராவது தவறிப்போய் ஒரு சொடுக்கு சொடுக்கினால் அந்தக் காசிலேயே புதுப்பிப்புச் செலவில் கொஞ்சம் வந்துவிடும். ஆகவே அவர் காத்திருப்பார். அமெரிக்காவில் மைக்ரோஸ்ட்ராட்டஜி என்ற மென்பொருள் நிறுவனம் வாய்ஸ்.காம் என்ற பெயரை நெடுங்காலம் கையில் வைத்திருந்து, 2019-ல் 3 கோடி டாலருக்கு விற்றது. விலைப் பலகை மாட்டி அது கூவி விற்கவில்லை, வேண்டியவன் தேடி வந்தான். மச்சான் மாதிரி ஆட்கள் சொல்வதெல்லாம் இந்தக் கதையைத்தான். யாரும் தேடி வராமல் கிடக்கும் பெயர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

இப்போது உங்கள் பக்கத்துக் கணக்கு. 10 லட்சத்துக்கே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சம் டெபாசிட்டை உடைத்தால் 6.5 சதவீத வட்டியில் வருடம் 39,000 ரூபாய் போகிறது. 4 லட்சம் நகைக் கடனுக்கு 10 சதவீதம் என்றால் 40,000. ஆக 79,000 ரூபாய். பெட்டிக்கு 120 ரூபாய் என்ற உங்கள் லாபத்தில் வகுத்தால் 658 பெட்டி. இன்று விற்கும் 1,100-க்கு மேல் இன்னும் 658 பெட்டியை வருடா வருடம் அந்தப் பெயர் ஒன்றே விற்றுக்கொடுத்தால்தான் வட்டிக்குச் சரியாகும். அசல் அப்படியே நிற்கும். ஒரு வருடம் பூ உதிர்ந்தோ ஆலங்கட்டி மழை அடித்தோ போனால் அந்த 658-ஐ எந்த மரத்தில் பறிப்பீர்கள்?

உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் உலாவியில் பெயரைத் தட்டித் தேடி வந்தவர்கள்? ஒருவரும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேட்டது. கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது, அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்ஜாப்பூர் ரோட்டுக்காரர் ஒருவர், ‘போன வருஷம் பச்சை டேப் ஒட்டி வந்துச்சே, அந்தப் பெட்டிதானே?’ என்று போனில் கேட்டாராம். உங்களுக்கு ஏற்கனவே ஒரு பெயர் வந்துவிட்டது. வாங்குகிறவரே வைத்த பெயர். அதை வைத்து டாட் இன் என்று முடியும் முகவரி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். தமிழிலேயே முகவரி வேண்டுமானால் டாட் இந்தியா என்ற தமிழ் எழுத்து முடிவும் உண்டு. ஆனால் பெங்களூரு வாடிக்கையாளருக்கு அதைத் தட்டச்சு செய்வது பாடு. அதே பெயரை வணிக முத்திரையாகவும் பதியுங்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். புதுப் பழத்துக்கு 31-ம் வகுப்பு, பின்னால் கூழ் டப்பா போடும் எண்ணம் இருந்தால் 29-ம் சேர்த்து. டொமைனை விட இந்தக் காகிதம்தான் நாளைக்கு உங்களைக் காப்பாற்றும்.

டொமைன் என்பது கிரயம் பண்ணி வாங்கும் மனை மாதிரி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது குத்தகை. டாட் காம் பெயரை ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் பதிய முடியும், அப்புறம் திரும்பக் கட்ட வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தருமபுரியில் அலுவலகம் போட்ட புதிதில், இணையதளம் செய்து கொடுத்த பையன் என் டொமைனைத் தன் மெயிலிலேயே பதிந்துவிட்டான். நானும் கேட்கவில்லை. அவன் ஓசூரில் வேலைக்குப் போனான், அந்த மெயிலை விட்டுவிட்டான், புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்களெல்லாம் ஆளில்லாத பெட்டியில் விழுந்தன. ஒரு நாள் காலை பாலக்கோட்டிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார்: ‘சார், உங்க பக்கத்தைத் திறந்தா ரம்மி விளையாடக் கூப்பிடுதே, புதுத் தொழிலா?’ அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருடம் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக் கொடுத்த முகவரி. திரும்பக் கிடைக்கவே இல்லை.

அடுத்த மாதம் காலாவதியாகும் பெயருக்கு வருவோம். காலாவதித் தேதி அன்று ராத்திரி கண் விழித்து உட்கார வேண்டாம், அன்றைக்கு ஒன்றும் விழாது. டாட் காமில் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் ஓடலாம். பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் பழைய உரிமையாளர் கூடுதல் பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. நல்ல பெயராக இருந்தால் பதிவு நிறுவனமே சலுகைக் காலத்தில் ஏலத்துக்கு விட்டுவிடும். அதையும் தாண்டி விழுந்தால், அந்த நொடியில் பிடிப்பதற்கென்றே கணினிகளை நிறுத்தி வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. நம் விரல் அவ்வளவு வேகம் போகாது. வேண்டுமென்றால் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் முன்பதிவு போட்டு வைக்கலாம். பெயர் கிடைத்தால் மட்டும் பணம் எடுக்கும் நிறுவனமாகப் பாருங்கள். அதற்கு முன், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பெயரைப் போட்டுப் பழைய பக்கங்களைப் பாருங்கள். இடையில் சூதாட்டமோ ஆபாசமோ ஓடியிருந்தால் தொடாதீர்கள். என் பழைய டொமைனை இன்று யாராவது ஆசையாக வாங்கினால் அந்த ரம்மியையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

மச்சானின் பட்டியலைப் பார்த்தேன். 40-ல் பதினொன்று இந்தப் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும் கடைகள், பள்ளிகள், ஆலைகளின் பெயர்கள். ‘இவங்க டாட் காம் எடுக்க மறந்துட்டாங்க, நாம எடுத்து வெச்சா நம்மகிட்டதான் வரணும்’ என்று பக்கத்தில் குறிப்பு வேறு. அடுத்தவர் முத்திரைப் பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு அவரிடமே விலை பேசினால் அதற்குப் பெயர் சைபர் ஸ்குவாட்டிங். உலக அளவில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 1999-லேயே இதற்கு யுடிஆர்பி என்ற தீர்ப்பு முறையைக் கொண்டுவந்துவிட்டது. டாட் இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்சி நடத்தும் ஐஎன்டிஆர்பி என்ற இதே மாதிரி முறை இருக்கிறது. 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே டொமைன் பெயருக்கு வணிக முத்திரைக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. பெயரும் போகும், போட்ட பணமும் போகும், ஊருக்குள் முகமும் போகும். அந்தப் பதினொன்றையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

மீதி 29 பொதுச் சொற்கள். அவற்றில் சட்டத் தொந்தரவு குறைவு, வாங்க ஆள்தான் குறைவு. புதுப்பிக்க மட்டும் வருடம் 34,800 ரூபாய், இரண்டு வருடத்தில் 70,000-ஐத் தொடும். ஒன்றுகூட விற்காமல் போக வாய்ப்பு நிறைய. இதே வேலையாக இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் பெயர்களை வைத்துக்கொண்டு, அதில் விற்கும் சிலவற்றின் லாபத்தில் மற்றதைச் சுமக்கிறார்கள். அது தனி வியாபாரம். உங்களுக்கு ஏற்கனவே ஒன்று இருக்கிறது. ஆசைக்கு இரண்டு பெயர் எடுங்கள், மச்சான் வருத்தப்படாமல் இருக்க. ஆனால் விற்று லாபம் வந்தால் கணக்கில் காட்ட வேண்டும், ரசீதுகளை வைத்திருங்கள்.

அந்தப் பெரிய பெயர் மனதை விட்டுப் போகாது என்று தெரியும். அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். இப்போதைக்கு அவருக்குப் பதிலே போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து, மண்டிக்குச் சம்பந்தமில்லாத சாதாரண மெயிலிலிருந்து இரண்டு வரி: 700 டாலர், சம்மதமானால் சொல்லுங்கள். ரூபாயில் 61,600, உங்கள் ஒரு சீசன் லாபமான 1,32,000-ல் பாதிக்கும் குறைவு. உங்களுக்கு நான் போடும் எல்லைக்கோடு அதுதான். மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வருடம் அதே வரியை அனுப்புங்கள். காத்திருக்க அவருக்குச் செலவில்லை என்றேன் அல்லவா, டாட் இன் கையில் இருந்தால் உங்களுக்கும் செலவில்லை. ஒருவேளை சம்மதித்தால் நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள். எஸ்க்ரோ சேவை வழியாகப் போங்கள். பணம் மூன்றாம் கையில் இருக்கும், டொமைன் உங்கள் கணக்குக்கு மாறியதை நீங்கள் உறுதி செய்த பிறகே அவருக்குப் போகும். எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே தட்டுங்கள். விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள், போலித் தளங்கள் ஏராளம்.

மனைவி பெயரில் பதியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் தொழிலின் ஜிஎஸ்டி உங்கள் பெயரில் இருந்தால் முத்திரையும் டொமைனும் ஒரே பெயரில் இருப்பது பின்னால் வசதி. யார் பெயரானாலும், பதிவில் கொடுக்கும் மெயில் நீங்கள் இருவரும் தினம் திறக்கும் மெயிலாக இருக்கட்டும். முதலிலேயே ஐந்து வருடத்துக்குக் கட்டிவிடுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் போட்டுவையுங்கள். அட்டை காலாவதியானால் அதுவும் வேலை செய்யாது, ஆகவே சமையலறை நாட்காட்டியில் தேதியைக் குறித்துவைக்க மகளிடம் சொல்லுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.